பொய் சொன்ன முள்



நம் சபையில் பலர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு வேலைக்குச் செல்கிறவர்கள். ஷிப்டு மாறும் வேளையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை எப்படியிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சாலையில் என்னைத் தலைகுனிய வைத்த ஒரு நிகழ்வை இந்த வாரம் பகிர்ந்துகொள்கிறேன்.

என் தகப்பனார் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நீங்கள் அறிவீர்கள். ஒரகடத்தில் பெரிய கார் ஆலைகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே, 1960களில், சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த கார் அது. ஒரு மாலை, ஒரகடத்துக்கு அருகே, கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கிய ஓர் இளைஞர் சாலையைக் கடந்தார். நான் பிரேக்கை அழுத்தினேன். ஒரு முழத் தூரத்தில் கார் நின்றது.

“ஐம்பதில்தானே வந்தேன்” என்றேன். அருகிலிருந்த என் மகன் மெதுவாகச் சொன்னான்: “அப்பா, மீட்டர் சரியில்லை என்று முன்பே சொன்னேனே.” ஆம், சொல்லியிருந்தான். அவன் வேகத்தைக் கண்டித்த நான், என் முள்ளைச் சந்தேகிக்க மறுத்திருந்தேன்.

மே முதல் நாள், ஆலைகளுக்கு விடுமுறை. விடியற்காலையில் வெறிச்சோடிய அச்சாலையில் இருவரும் சோதித்தோம். முள் ஐம்பதிலிருந்து அசையாதபடி நான் ஓட்டினேன். அவன் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து நேரத்தைக் குறித்தான். கற்கள் சில இடங்களில் துல்லியமாக நடப்பட்டிருக்காது என்பதால் ஐந்து கிலோமீட்டரைச் சேர்த்து அளந்தோம். 6 நிமிடம் ஆகவேண்டும். 5 நிமிடம் 10 விநாடியே ஆயிற்று. உண்மையான வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர்! திரும்பி வரும்போதும் அதே கணக்கு. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸும் அதையே சொன்னது.

எட்டுத்தானே என்று எண்ணாதீர்கள். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். ஐம்பதுக்குப் பதில் 58 என்றால் அத்தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். அந்த இளைஞரின் உயிர் அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தது.

தவறு எங்கே? கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள், வேகமானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணம் கூடவே திரும்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் கிண்ணத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. அந்த இழுபறியில் நிற்கும் இடமே முள் காட்டும் எண். காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். ஆனால் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களைப் பற்சக்கரங்களே நகர்த்துகின்றன. அவற்றுக்குக் காந்தம் வேண்டாம். எங்கள் ஐந்து கிலோமீட்டரில் அவையும் 4.8 என்றே காட்டின. எனவே ஒரு பகுதிக் குற்றம் டயருடையது. அசல் அளவு கிடைக்காமல் சற்றுப் பெரிய டயர்களை மாட்டியவன் நானே. மீதி, வயதான காந்தத்தினுடையது.

வேகமானிகளுக்கான ஐக்கிய நாடுகளின் 39ஆம் ஒழுங்குவிதி ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறது: உண்மை வேகத்தைவிட முள் ஓரளவு கூடுதலாகக் காட்டலாம், ஒருபோதும் குறைவாகக் காட்டக்கூடாது. பிழை நேருமானால் அது பிறரைக் காக்கும் பக்கமாகவே நேரட்டும் என்பதே அதன் பொருள்.

பிரியமானவர்களே, நீதிமொழிகள் கள்ளத்தராசைக் கண்டிக்கும்போதெல்லாம் கடைக்காரரை மட்டுமே நினைத்து வந்தேன். நம்மை நாமே அளக்கும் தராசும் நமக்குச் சாதகமாகச் சாயும் என்பதை ஒரு பழைய முள் எனக்குக் காட்டிற்று. “நான் அதிகமாய்க் கோபப்படவில்லை”, “நான் ஒன்றும் கடுமையாய்ப் பேசவில்லை” என்கிறோமே, அது எந்த மீட்டர் சொன்ன கணக்கு? வெளியே நடப்பட்ட கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தோமா? பக்கத்தில் அமர்ந்திருப்பவர் சொன்னதைக் கேட்டோமா?

டயரை மாற்றிவிட்டேன், வேகமானியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன். மகனிடம் மன்னிப்பும் கேட்டேன். இந்த வாரம் உங்கள் வீட்டில், உங்களைக் குறித்து ஏற்கெனவே ஒன்றைச் சொல்லி நீங்கள் கேளாமல் விட்ட ஒருவரிடம், அதை மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள்.

சமாதானம் உங்களோடிருப்பதாக.