உப்புத் தண்ணீரில் ஓம் விதி

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பத்தாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். பரீட்சை முடிந்ததும் பாதிப் பேருக்கு மறந்தும் போயிருக்கும்! ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்த இரண்டு வரிக் கணக்கு கிணற்றுத் தண்ணீர் வரைக்கும் வருகிறது.

டேனரிக்கு வரும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு. அதை ஊறவைத்துக் கழுவுவதுதான் அங்கே முதல் வேலை. கழுவிய நீர் பல ஆண்டுகள் பாலாற்றுக்கும் வயல்களுக்கும் போனது. நாற்றமென்றால் மூக்கு சொல்லிவிடும். கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்துக்குத் தெரியும்.

ஒரு சென்டிமீட்டர் சதுரமான இரண்டு தகடுகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தண்ணீரில் முக்கி, அவற்றுக்கிடையே 1 வோல்ட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புகள் கரைந்த குடிநீரில் சுமார் 0.8 மில்லிஆம்பியர் ஓடும். 1ஐ 0.0008ஆல் வகுத்தால் 1250 ஓம். கடல்நீரில் சுமார் 50 மில்லிஆம்பியர் ஓடும், மின்தடை வெறும் 20 ஓம்! தோல் ஊறிய நீர் நிற்பது கடல்நீரின் பக்கம்தான். ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவர் பேனா மாதிரி ஒன்றை டம்ளரில் முக்கி எண் காட்டுகிறாரே, அது உப்பை எடை போடுவதில்லை. இந்த வகுத்தலைத்தான் செய்கிறது. (பேட்டரியை நேரடியாக இணைத்தால் தகட்டில் குமிழி கட்டிக் கணக்கு தப்பிவிடும், அதனால் உள்ளே மாறுதிசை மின்னோட்டம். அதற்காக வீட்டு 230 வோல்ட்டில் யாரும் முயன்று பார்க்காதீர்கள், உயிர் போய்விடும்.)

மண்ணில் உப்பு ஏறிவிட்டால், ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. பாலாற்றங்கரை விவசாயிக்கு மீட்டர் காட்டித்தான் இது தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் கோர்ட்டுக்கு எண் வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச்சொல்லி அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்!

இனி இரண்டாவது வரி. உப்பைப் பிரிக்க நீரை அழுத்தத்தோடு சவ்வின் வழியே தள்ள வேண்டும், பம்பு வேண்டும். 415 வோல்ட், 20 ஆம்பியர் எடுக்கும் ஒரு மும்முனை மோட்டாருக்குச் சும்மா பெருக்கினால் 8300 வாட் வரும். அது தப்பு. மும்முனை என்பதால் 1.732ஆலும், திறன் காரணி 0.85 என்றால் அதனாலும் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 12,200 வாட். இருபது மணி நேரம் ஓடினால் 244 யூனிட், ஒரே மோட்டாருக்கு! உப்பு கூடக்கூட அழுத்தமும் கூட வேண்டும், பில்லும் கூடும். சின்ன டேனரிக்காரர் முகம் சுளிப்பது புரிகிறது. ஆனால் அந்தப் பில்லை அதுவரை கட்டிக்கொண்டிருந்தது கிணற்றுக்காரர் அல்லவா?

பம்போடும் வேலை முடிவதில்லை. சவ்வில் தங்கிய கழிநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது கலப்பு உப்பு. சமையலுக்கு ஆகாது, மறுபடி தோலுக்குப் போடவும் லாயக்கில்லை. மழை படாமல் மூட்டை மூட்டையாக அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.