நாசகாரிக்கு ஒரு செவிலியின் பெயர்

பெயர் சூட்டுதல் சிறிய செயலன்று. திருமுழுக்கின்போது குழந்தைக்கு ஒரு புனிதரின் பெயரை இடுகிறோம். அவரது வாழ்வின் ஒளி இக்குழந்தையின் வாழ்விலும் படர வேண்டும் என்று வேண்டுகிறோம். உயிரற்ற பொருள்களுக்கும் மனிதரின் பெயர்களை இடும் வழக்கம் உண்டு. தெருவுக்கும் பள்ளிக்கும் பாலத்துக்கும் இடுவது போலவே, கடலோடும் நாடுகள் தம் கப்பல்களுக்கும் பெயரிடுகின்றன. புதிய கப்பலின் முகப்பில் மதுக்குப்பியை உடைத்துப் பெயர் கூறும் சடங்கினை, ஆங்கிலேயர் திருமுழுக்கைக் குறிக்கும் சொல்லாலேயே வழங்குகின்றனர்.

2023 மே 13 அன்று அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ட் என்னும் ஊரில், ஒரு புதிய போர்க்கப்பல் கடற்படையில் முறைப்படி சேர்க்கப்பட்டது. ஏவுகணைகளைத் தாங்கிய அக்கப்பல், தமிழில் 'நாசகாரி' என்று நாம் கூறும் வகையைச் சேர்ந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் 'லீனா சட்கிளிஃப் ஹிக்பீ'. அது ஒரு செவிலியின் பெயர். இதனை அறிந்தபோது நம் உள்ளத்தில் மகிழ்ச்சியும் நெருடலும் ஒருங்கே எழுந்தன. காயத்துக்கு மருந்திட்ட கைகளுக்குரியவரின் பெயரைக் காயம் விளைவிக்கும் கருவிக்குச் சூட்டுவது தகுமோ?

யார் இந்த ஹிக்பீ? 1874இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் செவிலியர் பயிற்சி பெற்றார். கணவரை இழந்த 1908ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கக் கடற்படையின் செவிலியர் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு மே 13 அன்றுதான் அப்படை சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டிருந்தது. முதன்முதல் சேர்ந்தவர்கள் இருபது பெண்கள். அவர்களுள் இவரும் ஒருவர். அவர்களுக்குப் பதவித்தரம் எதுவும் வழங்கப்படவில்லை. அவர்கள் அதிகாரிகளும் அல்லர், சாதாரணப் படைவீரரும் அல்லர். தங்குவதற்கு இடம்கூட ஒதுக்கப்படாததால், வாஷிங்டனில் தாங்களே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, உணவுக்கும் தாங்களே வழி செய்துகொண்டனர்.

1911இல் ஹிக்பீ அப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், அவரது பொறுப்பில் இருந்த செவிலியர் 160 பேர். 1918 நவம்பரில் போர் ஓய்ந்தபோது அத்தொகை 1,386 ஆக வளர்ந்திருந்தது. போரினும் கொடியதாக அந்நாளில் நச்சுக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது. அக்காய்ச்சல் கண்டவர்களைப் பேணி, தாமும் அதற்கே இரையான மேரி ஹிடெல், லில்லியன் மர்ஃபி, எட்னா பிளேஸ் என்னும் மூவருக்கு, அவர்கள் மறைந்தபின் 'கடற்படைச் சிலுவை' என்னும் உயரிய பதக்கம் அளிக்கப்பட்டது. 1920இல் அதே பதக்கத்தை ஹிக்பீயும் பெற்றார். உயிருடன் இருக்கும்போது அதனைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. பதக்கம் வந்த பின்னும் பதவித்தரம் வரவில்லை. 1922இல் அவர் பணியிலிருந்து விலகினார், 1941இல் மறைந்தார். கடற்படைச் செவிலியருக்கு ஓரளவு தரம் கிடைத்தது 1942இல்; முழு அதிகாரி நிலை கிடைத்தது 1947இல்.

அவர் பெயரைத் தாங்கிய கப்பல்களுள் புதியது இரண்டாவதே. முதற்கப்பலான 'ஹிக்பீ' 1944 நவம்பரில் மெய்ன் மாநிலத்தில் நீரில் இறக்கப்பட்டது. நம் ஞானத்தாயைப் போல நின்று அதற்குப் பெயரிட்டவர் ஹிக்பீயின் உடன்பிறந்த சகோதரி. கடற்படையில் பணியாற்றிய ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய முதல் அமெரிக்கப் போர்க்கப்பல் அதுவே. கொரியாவிலும் வியட்நாமிலும் அது போரிட்டது. 1972 ஏப்ரலில், வட வியட்நாம் விமானம் ஒன்று வீசிய குண்டு அதன் பின்புறப் பீரங்கி மேடையைத் தகர்த்தது. மேடையில் இருந்தோர் முன்னரே வெளியேறியிருந்தமையால் பேரிழப்பு நேரவில்லை, நால்வர் காயமுற்றனர். செவிலியின் பெயரைத் தாங்கிய கப்பலிலேயே காயம்பட்டோருக்குச் செவிலியம் தேவைப்பட்டது! அக்கப்பலின் பீரங்கிகள் கரையில் எத்தனை பேரைக் காயப்படுத்தினவோ? அவர்களுக்கும் ஏதோவொரு செவிலி கட்டுப் போட்டிருப்பாள் அன்றோ?

நம் நெருடல் நியாயமானதே. எனினும் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். அந்நாட்டு மருத்துவக் கப்பல்கள் இரண்டு இன்றும் 'இரக்கம்', 'ஆறுதல்' என்று பொருள்படும் பெயர்களைத் தாங்கியுள்ளன. இனிய பெயர்கள்தாம். ஆனால் அவை பண்பின் பெயர்கள். அப்பண்போடு வாழ்ந்த எந்தப் பெண்ணின் பெயரும் அவற்றில் இல்லை. கடற்படையில் பணிபுரிந்த மாந்தரின் பெயர்களை நாசகாரிக் கப்பல்களுக்குச் சூட்டுவதே அங்கு மரபு. அவ்வரிசையில் ஹிக்பீயின் பெயரையும் எழுதியதன் வழியாக, "இவரும் எம்மவரே" என்று கடற்படை ஒப்புக்கொண்டது. தங்க இடமும் தரமும் தராது வைத்திருந்தவர்களைக் குறித்து அவ்வொப்புதல் எளிதில் வந்ததன்று.

நம் மருத்துவமனைகளை நினைத்துப் பார்க்கிறோம். மருத்துவரின் பெயர் வாயிலிலேயே பலகையில் இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்து ஊசி போட்டு, போர்வையைச் சரிசெய்து, வலியில் முனகுவோரின் அருகில் நிற்பவரை நாம் 'சிஸ்டர்' என்கிறோம். உறவை உணர்த்தும் அழகிய அழைப்பு அது. ஆயினும் ஒரே அழைப்புக்குள் ஓராயிரம் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. அவர்களது ஊதியம், தங்கும் விடுதி, பணிநேரம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளும் அதனோடு மறைந்துவிடுகின்றன. 'தொண்டு' என்று போற்றிவிட்டு, தொண்டு செய்பவளுக்கு உரியதைத் தராதிருப்பது எந்நாட்டிலும் எளிது.

முதற்கப்பல் 1979இல் பணியிலிருந்து விலக்கப்பட்டு, 1986இல் குறிபார்க்கும் பயிற்சிக்கு இலக்காக்கப்பட்டுக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இரும்பில் எழுதிய பெயருக்கு அவ்வளவுதான் ஆயுள். புதிய கப்பலின் ஏவுகணைகள் என்றும் உறங்கியே கிடக்கட்டும் என்று நாம் மன்றாடுவோம். கூடவே, அடுத்த முறை மருத்துவமனைப் படுக்கையருகே வந்து நிற்கும் சகோதரியிடம், "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்போம்.