எங்கட பிள்ளையளை மலைக்கு விடுங்கோ



கொஞ்சம் நீளமான பதிவு. அரியாலையில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் நேரம் இருந்தால் வாசியுங்கள்.

வருகிற மாசியில் சிவனொளிபாதமலைக்கு ஒரு கல்விச் சுற்றுலா போகலாம் என்று 24 பிள்ளைகளிடம் சம்மதப் படிவம் கொடுத்திருந்தேன். இதுவரை 11 திரும்பி வந்திருக்கிறது. அதில் 10 ஆண்பிள்ளைகளுடையது. ஒன்றே ஒன்றுதான் பெண்பிள்ளையுடையது. ஏன் என்று சில வீடுகளுக்குப் போய்க் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதற் கேள்வி: "உதெல்லாம் படத்தில பாக்கலாம்தானே சேர், அங்க போய் என்னத்துக்கு?"

நாங்கள் இருப்பது தட்டை நிலம். பெயரில் மலை வைத்திருக்கிற கீரிமலையிலும் கேணிதான் இருக்கிறது, மலை இல்லை. பெயரில் ஆறு வைத்திருக்கிற வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான் ஓடும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையைக் குடித்து வைத்துக் கிணற்றில் தரும். அருவிக்கு இங்கே வழியில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. செம்மணிப் பக்கத்து நீரேரியில் பூநாரைகள் வந்து நிற்கிற காலத்தில், விடிய முன்னம் சேற்றங்கரையில் கமராவோடு குந்தியிருக்கிற ஆள் நான். எங்கள் ஊருக்கு அதன் அழகு உண்டு. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு உயரம் என்றால் பனை மட்டும்தான்.

சென்ற வருடம் புவியியல் பாடத்தில் டெவோன் நீர்வீழ்ச்சியின் படம் காட்டினேன். உயரம் 97 மீற்றர் என்றேன். எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், 97 மீற்றர் எண்டால் எத்தினை பனை?" நல்ல வளர்ந்த பனையாக ஒன்றின் மேல் ஒன்றாக அஞ்சு வைத்துப் பார் என்றேன். கண்ணை மூடி வைத்துப் பார்த்தாள். "வருகுதில்லை சேர்" என்றாள். அவள் சொன்னது சரி. படத்தில் உயரம் வராது, சத்தம் வராது, அருவிக்கு 50 யார் தள்ளி நின்றாலும் முகத்தில் படுகிற தூவானம் வராது.

அந்தப் படம் நான் எடுத்ததுதான். பத்தனை ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் டெவோனும் சென் கிளயரும் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கேதான் கமரா பிடிக்கப் பழகினேன். சென் கிளயர் இப்போது பழைய சென் கிளயர் இல்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு சுரங்கத்தால் போகிறது. அருவிக்கு அளந்துதான் விடுகிறார்கள். எங்கள் வீடுகளில் எரிகிற மின்விளக்குக்கும் அந்த அருவி மெலிந்ததுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைக் கரும்பலகையில் சொல்லலாம். அந்தப் பாறையைப் பார்த்த பிள்ளைக்கு அதைச் சொல்லவே தேவையில்லை.

இரண்டாவது கேள்வி: "ஆபத்தில்லையா?"

ஆபத்து இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் காலம் பார்த்துப் போகிறோம். மலைக்கு யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையோடு முடியும். அந்த மாதங்களில் நல்லதண்ணிப் பாதை முழுக்க விளக்கு எரியும், வழிநெடுகத் தேநீர்க் கடைகள் இருக்கும், கழிப்பிடம் இருக்கும், பொலிஸ் இருக்கும். மாசியில் மழை குறைவு. போயா நாளையும் நீண்ட விடுமுறையையும் தவிர்க்கிறோம். அந்த நாட்களில் சனநெரிசலில் படியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணம் இல்லை. பஸ்காரருக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

அருவியில் குளிப்பு இல்லை. மேலே எங்கோ பெய்கிற மழைக்குக் கீழே தண்ணீர் சட்டென்று ஏறும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். பாசி பிடித்த பாறையில் நின்று செல்பி இல்லை. விளிம்புக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கிற ஆளின் தொலைபேசி அன்றைக்கு முழுக்க என்னிடம் இருக்கும்.

மூன்றாவது கேள்வியை இரண்டு பக்கத்தாலும் கேட்டார்கள். அரியாலையில் ஒரு ஐயா, குத்தலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "தம்பி, அது எங்கட சிவன்ர மலையெல்லோ, நீங்கள் ஏன் கூட்டிக்கொண்டு போறியள்?" பள்ளிவாசலில் ஒரு நானா கேட்டார்: "அங்க போறது மார்க்கத்துக்குச் சரியா?"

இருவருக்கும் ஒரே பதில்தான். அந்தப் பதில் யாழ்ப்பாணத்தில் இருந்தே தொடங்குகிறது.

1344இல் மாலைதீவில் இருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, காற்று திசை மாற்றியதால் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். அந்தக் கரை ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அதாவது யாழ்ப்பாணத்து அரசர். இப்னு பதூதா 'பத்தாளா' என்று எழுதிய ஊரைப் புத்தளம் என்று சொல்வார்கள். அரசர் அவரை வரவேற்றார், முத்துகள் கொடுத்தார், வேறென்ன வேண்டும் என்று கேட்டார். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதம் இருக்கிற மலையைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை என்றார் பயணி. அரசர் பல்லக்குக் கொடுத்தார். வழி தெரிந்த 4 யோகிகள், 3 பிராமணர்கள், தன் ஆட்கள் 10 பேர், சாமான் சுமக்க 15 பேர். இவ்வளவு பேரையும் கூட அனுப்பி வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். சைவ அரசர் அனுப்புகிறார், யோகிகள் வழி காட்டுகிறார்கள், ஒரு முஸ்லிம் மலை ஏறுகிறார். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், எங்களில் பலருக்கு பாபா ஆதமின் மலை, கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் பாதம் என்பார்கள். ஆனால் ஏறுகிற படி எல்லாருக்கும் ஒன்றுதான்.

மார்க்கம் கேட்ட நானாவுக்கு ஒன்று சொல்கிறேன். ஆதம் நபி இறங்கிய இடத்தின் பெயர் குர்ஆனில் இல்லை. நான் பாதத்தை வணங்கப் போகவில்லை. அந்தச் சின்ன மண்டபத்துக்குள் கமராவைக் கையில் எடுக்கவும் இல்லை. பூமியில் பயணம் செய்து படைப்பைப் பார்க்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. போன முறை சுபஹ் நேரம் வழியிலேயே வந்துவிட்டது. ஒரு சிங்களத் தேநீர்க் கடைக்காரர், நான் இடம் தேடுவதைப் பார்த்து, கடைக்குப் பின்னால் பலகை போட்டுத் தந்தார். தொழுதுவிட்டு வந்து தேநீர் குடித்தேன். பலகைக்குக் காசு வாங்கவில்லை.

இப்னு பதூதாவின் கதையை முதன்முதல் வாசித்தது புத்தளத்தில் படிக்கிற காலத்தில். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் உம்மாவும் வாப்பாவும் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். நான் பிறந்ததும் அங்கே. எங்கள் வீட்டில் யாழ்ப்பாணம் என்றால் விட்டு வந்த வீடு, விட்டு வந்த கிணறு, அவ்வளவுதான். அதே கரையில் யாழ்ப்பாணத்து அரசர் ஒருவர் ஒரு முஸ்லிம் பயணிக்குத் துணை அனுப்பியிருக்கிறார் என்று வாசித்த அன்றைக்குத்தான், திரும்பி வந்து இங்கே படிப்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் எழுதிய இன்னொன்று பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காட்டு வழியில் அட்டைகள் பாயும் என்றும், அதற்கென்று ஆட்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்து பிழிந்து விடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 680 வருடம் போய்விட்டது. எங்கள் சாமான் பட்டியலிலும் தேசிக்காய் இருக்கிறது.

கடைசிக் கேள்வி, பெண்பிள்ளைகள். இதைச் சிலர் வாய் திறந்து கேட்கவில்லை, படிவத்தைத் தராமல் விட்டார்கள். மூன்று ஆசிரியைகள் கூட வருகிறார்கள். தங்குமிடம் தனி. இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குவோம், ஏறத்தாழ 5,500 படி. அந்த இருட்டில் யார் ஏறுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எழுபது வயது ஆச்சிமார் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் ஏறுகிறார்கள். எதிரே இறங்கி வருகிறவர்கள் முன்பின் தெரியாத ஆளுக்கும் "கருணாவாய்" என்று சொல்லிப் போவார்கள். நாட்டில் பெண்கள் இரவில் பயமில்லாமல் நடக்கிற பாதைகளில் அதுவும் ஒன்று. பாஷைப் பயமும் வேண்டாம். மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் தமிழிலேயே சாப்பாடு கேட்கலாம். தோட்டத்து மக்கள் எங்கள் மொழிக்காரர். அவர்களையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கொழுந்து பறிக்கிறவர்கள் வேலையில் நிற்கிறார்கள், எங்கள் படத்துக்காக அல்ல.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தையும் பஸ்ஸை நிறுத்திக் காட்டுவேன். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். ஊரை விட்டு எழும்பிய கதை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று பிள்ளைகள் அறியட்டும்.

உச்சி 2,243 மீற்றர். சூரியன் கிளம்பும்போது எல்லாரும் கிழக்கே பார்த்துத் தொலைபேசியைத் தூக்குவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லப் போவது, அந்த நேரம் மேற்கே திரும்புங்கள் என்று. மலையின் நிழல் முகிலின் மேலும் தாழ்நிலத்தின் மேலும் பல மைல் தூரத்துக்கு நீண்டு, கூரான முக்கோணமாக விழுந்து கிடக்கும். மலை முக்கோணமாக இருப்பதால் மட்டும் அப்படித் தெரிவதில்லை. தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேருகிற மாதிரி, நீண்ட நிழலின் இரண்டு ஓரமும் எங்கள் கண்ணுக்குத் தூரத்தில் ஒன்று சேருகின்றன. ஒரு பாடவேளை முழுக்கக் கீறிக் காட்டினாலும் விளங்காத விஷயம் அங்கே சில நிமிடத்தில் விளங்கும். பிறகு சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கிக் காணாமற் போய்விடும்.

போகும் வழி ஏ9 வீதியால் கண்டி, நாவலப்பிட்டி, ஹற்றன், மஸ்கெலியா. குளிருக்கு ஒரு தடித்த சட்டை, காதுக்குத் துணி, வழுக்காத சப்பாத்து போதும். புதுச் சப்பாத்து வாங்க வேண்டாம், காலைக் கடிக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் நோகும். அதனால் இப்போதிருந்தே பின்னேரம் அரை மணி நேரம் நடக்கப் பழக்குங்கள். பிளாஸ்ரிக் போத்தல், பொலித்தீன் எதுவும் மலையில் விட்டுவரக் கூடாது. அந்தக் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகச் சேர்த்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. காசுதான் தடை என்றால் என்னோடு தனியாகக் கதையுங்கள், யாருக்கும் தெரியாமல் ஒழுங்கு செய்யலாம்.

எத்தனை பனை என்று கேட்ட பிள்ளை யார் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய படிவம் இன்னும் வரவில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. இன்னும் ஏதும் கேட்க இருந்தால் பாடசாலை முடிந்து மூன்று மணி வரை நான் அங்கேதான் இருப்பேன். அப்பாமார் மட்டுமல்ல, அம்மாமாரும் வாருங்கள்.