படகின் நடை

திமில், அம்பி, புணை, வங்கம், நாவாய் என்று சங்க நூல்கள் கலங்களுக்கு வழங்கும் பெயர்களை வகுப்பில் அடுக்கிக்கொண்டே போவோம், மாணவர்களும் குறித்துக்கொள்வார்கள். ஒரு கலம் ஏன் விரைகிறது, ஏன் தள்ளாடுகிறது என்பது எங்கள் துறையில் எழாத கேள்வி. அதை எழுப்பியவர் முதுகலை மாணவர் ஒருவர். கடலூருக்கு வடக்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர். விடுமுறைகளில் தந்தையோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போய், கிடைக்கும் பங்கில் கட்டணம் செலுத்துபவர். "டீசல் கூடினால் பங்கு குறையும் ஐயா" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களைத் தேட வைத்தது.

ஓடும் படகுக்குப் பெருந்தடை, அது தானே எழுப்பும் அலை. வேகம் கூடக்கூட அந்த அலை நீளும்; படகின் நீளத்தை அது எட்டியதும், படகு தன் அலையின் சரிவிலேயே ஏறத் திணறும். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 6.7 நாட். அதைத் தாண்ட வேண்டுமானால் அடிப்பாகம் தட்டையாகவும், எஞ்சின் வலுவாகவும், பாரம் குறைவாகவும் அமைந்து, படகு நீர்மேல் எழுந்து சறுக்க வேண்டும். அடியில் பாசியும் கொட்டலசும் படிந்தாலோ, அதே வேகத்துக்குக் கூடுதல் எண்ணெய் எரியும்.

பாரம் இருக்கும் இடமும் முக்கியம். அணியத்தில் கனம் மிகுந்தால் மூக்கு அலையில் குத்தும். பின்னால் மிகுந்தால் அணியம் தூக்கிக்கொண்டு எதிரே வருவதை மறைக்கும்.

விசிறிக்கும் ஓர் அளவு உண்டு. 1894இல் சார்லஸ் பார்சன்ஸ் நீரில் இறக்கிய 'டர்பினியா', எஞ்சினில் வலு இருந்தும் எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. மிக விரைவாகச் சுழன்ற ஒற்றை விசிறியைச் சுற்றி நீர் ஆவிக்குமிழிகளாகி, உந்தம் வீணாயிற்று. பிறகு மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளைப் பொருத்தினார். 1897இல் அக்கலம் 34 நாட் வேகத்தில் ஓடிக் காட்டியது.

இனி, திருப்பும் கலை. நீண்ட தண்டோடு தொங்கும் எஞ்சினில் தனிச் சுக்கான் இல்லை; விசிறி தள்ளும் நீரே படகைத் திருப்புகிறது. எனவே எஞ்சினைத் தணித்தால் வேகத்தோடு கட்டுப்பாடும் குறையும். முகத்துவாரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. பின்னிருந்து வரும் அலை பின்பகுதியைத் தூக்கும்போது விசிறி காற்றில் சுழலும். படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். "முகத்துவாரம் தாண்டும்வரை அப்பா பேசமாட்டார்" என்றார் அம்மாணவர்.

30-9-2009 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். வனவிலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபக்கமாகத் திரண்டதாக அப்போது செய்திகள் கூறின. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் அளவுக்கு மிஞ்சி ஏறிய படகு 22 உயிர்களைக் கொண்டது. உயரத்தில் ஏறும் பாரமும், ஒருபக்கம் நகரும் பாரமும் படகு நிமிரும் ஆற்றலைப் பறித்துவிடுகின்றன.

சென்ற கல்விச் சுற்றுலாவில் ஒரு படகுத்துறையில், "இன்னும் நாலு பேர் நெருங்கி உட்காரலாம்" என்றார்கள். நம் மாணவர் விளிம்புக்கும் நீருக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தார். சாண் அளவும் இல்லை. "இரண்டு நடையாகப் போவோம் ஐயா" என்றார். முணுமுணுப்பு எழுந்தது, முக்கால் மணி நேரமும் சிறிது பணமும் கூடுதலாயின. நாங்கள் இரண்டு நடையாகவே போய்வந்தோம். திமிலையும் அம்பியையும் நடத்தும் வகுப்பில் இப்போது இந்த இடைவெளியையும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம்.