வில்லின் உயரம்

தமிழில் வில் என்னும் ஒரு சொல்லே பண்டைப் படைக்கருவியையும் வண்டியின் அடியிலே பாரந் தாங்கும் உறுப்பையும் குறிக்கின்றது. வளைக்கப்படும்போது பெற்ற வலுவைத் தன்னுள் அடக்கிவைத்து மீளக் கொடுப்பதே இரண்டினதும் இயல்பு. மாடு பூட்டிய வில்வண்டி வீதிகளிலிருந்து மறைந்துவிட்டபோதிலும், மோட்டார் வண்டியின் நான்கு மூலைகளிலும் வில் இன்றும் இருக்கின்றது. சில்லு சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது. இயந்திரம் உறுமுவது காதுக்குக் கேட்கிறது. முழுப் பாரத்தையும் ஓயாது தாங்கி நிற்கும் வில்லை, அது முறிந்தாலன்றி எவரும் நினைப்பதில்லை.

வில்லின் இயல்பை விதியாக வகுத்தவர் ஆங்கில விஞ்ஞானியான றொபேட் ஊக். 1676ஆம் ஆண்டில் அவர் அவ்விதியை எழுத்துக்களைக் குலைத்த ஒரு புதிராக வெளியிட்டார். 1678இலேயே அப்புதிரை அவிழ்த்தார். ஏற்றப்படும் பாரம் எவ்வளவோ அதற்கு இசையவே வில் மாறும் என்பது அதன் சாரம். பாடசாலையில் விற்றராசைத் தூக்கிப் பார்த்த மாணவர் அனைவரும் அறிந்த செய்திதான் இது. எனவே, ஒரு வில்லின் உயரத்தையும் விறைப்பையும் தீர்மானிப்பவன், அதன்மீது எத்தகைய பாரம் வரும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கின்றான்.

உற்பத்தியாளர் பொருத்திய வில்லை அகற்றிவிட்டு, அதனிலும் குட்டையான, விறைப்பு மிகுந்த வில்லைப் பொருத்திக் காரைத் தாழ்த்துவது இன்று உலகெங்கும் இளைஞரிடையே காணப்படும் வழக்கமாகும். புவியீர்ப்பு மையம் தாழ்வதால் திருப்பங்களில் வண்டி சாய்வது குறையும் என்பர். அது பொய்யன்று. ஆயினும், பார்ப்பவர் கண்ணுக்குக் கார் நிலத்தோடு இழைந்து நிற்கவேண்டும் என்ற ஆசையே பெரும்பாலும் முதற் காரணம் எனலாம்.

அவ்வாசையை வெறும் பகட்டென்று ஒதுக்கிவிடவும் இயலாது. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிக்க வழிவந்த இளைஞர் பழைய கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல்மூடைகளை ஏற்றியும் வில்லின் சுற்றுக்களை வெட்டியும் அவற்றைத் தாழ்த்தினர். வேகமே பெருமை எனக் கருதப்பட்ட நாட்டில், தாழ்ந்து மெல்லச் செல்வதையே அவர்கள் தம் பெருமையாக்கினர். காரின் உடல் சில்லின் இரும்பு வளையத்தினும் கீழே இறங்கலாகாது எனக் கலிபோர்னியச் சட்டம் 1958 முதல் தடுத்தது. றொன் அகிரே என்பவர் விமானங்களுக்கென ஆக்கப்பட்ட நீரியற் பம்புகளைத் தம் காரிற் பொருத்தி, வேண்டியபோது அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வழிகண்டார். அக்கார்களின் உலாவுக்கு எதிரான தடைகளை நீக்கும் சட்டம் 2024 சனவரியிலேயே அங்கு நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கப்பட்ட மக்களின் தன்மானம் ஒரு காரின் உயரத்தில் வெளிப்பட்ட வரலாறு இது.

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் ஒரு வீட்டு முற்றத்திலே, காரின் உயரம் பற்றிய இதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. விடுமுறைக்கு வந்திருந்த கலைப்பீட மாணவன் ஒருவன், தந்தை விட்டுச்சென்ற பழைய ரொயோட்டா கொரோலாவைத் தாழ்த்த முற்பட்டான். ரியூசன் வகுப்பெடுத்துச் சேர்த்த பணத்தில் நான்கு குட்டை வில்களை வாங்கியிருந்தான். துணைக்கு வந்தவர் அவனுடைய தாய்மாமன். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கராச்சிலே கழித்தவர்.

“எவ்வளவு பதியும் தம்பி?”

“முப்பது மில்லிமீற்றர், மாமா.”

“அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டு போறதும் இதிலைதானே?”

“ஓம் மாமா.”

“சரி, ஜக்கை எடு.”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சில்லின் நட்டுகளை நிலத்தில் இருக்கும்போதே இளக்கிய பின்னர் காரை உயர்த்தினார்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே கை வைக்கலாகாது என்பது மாமாவின் முதற் கட்டளை. இரும்பு முட்டுக்களைக் கொடுத்து, காரை இருமுறை தள்ளிப் பார்த்து, அது அசையாதெனக் கண்ட பின்னரே சில்லைக் கழற்ற அனுமதித்தார். பிரேக் குழாயை அதன் பிடியிலிருந்து விடுவித்து, கீழே இரண்டு போல்ட்டுகளையும் மேலே மூன்று நட்டுகளையும் கழற்றியதும், சொக்கப்சோபரும் அதனைச் சுற்றியிருந்த வில்லும் ஒன்றாக வெளியே வந்தன. உச்சியின் நடுவிலுள்ள நட்டை மட்டும் அவர் தொடவிடவில்லை.

அந்த நட்டிலேதான் வேலையின் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கின்றது. கழற்றி எடுத்த பின்னரும் வில் முழுமையாக விரிந்துவிடுவதில்லை. நடு நட்டே அதனை அடக்கி வைத்திருக்கின்றது. எதிரெதிராக இரண்டு திருகுப் பிடிகளைப் பூட்டி, மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கி, வில் தன் இருக்கையில் இளகி நிற்கும்வரை அமுக்கிய பின்னரே நட்டைக் கழற்றலாம். ஒரு மில்லிமீற்றருக்கு 20 நியூற்றன் விறைப்புடைய வில்லை 15 சென்ரிமீற்றர் அமுக்கினால், அதனுள் 225 யூல் சக்தி அடங்கும். 50 கிலோ சீமெந்துப் பையில் ஏறத்தாழ அரைவாசி, ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமனாகும். பிடி நழுவினால் அவ்வளவும் ஒரு கணத்தில் வெளியேறும்.

“நேரே முகத்தைக் காட்டாதை. ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினாயெண்டால் மற்றப் பக்கம் துள்ளும்” என்றார் மாமா.

சமுதாயத்தில் அடக்கப்பட்ட சக்திகளைப்பற்றிப் பரீட்சை மண்டபத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன் அவன். அடக்கப்பட்ட சக்தி எத்தகையது என்பதை அவனுடைய உள்ளங்கைகள் அன்றுதான் உணர்ந்தன. சத்தமின்றி, அசைவின்றி, ஒரு திருகாணியின் பற்களில் அது காத்திருந்தது. புதிய வில்லின் நுனி இருக்கையின் பள்ளத்திற் சரியாகப் பொருந்தும்வரை மாமா அதனை மும்முறை திருப்பச் செய்தார்.

பகலுணவின் பின்னர் மாமர நிழலில் இருந்தபோது, அவர் தம் பழைய மொறிஸ் மைனரைப்பற்றிக் கூறினார். அதன் பின்புறத்தில் இருந்தவை பட்டைவில்கள். 1990களில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்திலே, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உசுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்துக் கார்களுள் அதுவும் ஒன்று. நெல்மூடையும் விறகும் நோயாளரும் அதிலேதான் ஏறினர். எனவே அவர் இரு பக்கமும் மேலதிகமாக ஒவ்வொரு பட்டையைச் சேர்த்துக் காரை உயர்த்தினார். 1995 ஒக்ரோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவில், நடக்கமாட்டாத முதியோர் ஐவரையும் மூன்று குழந்தைகளையும் அந்தக் கார் சுமந்தது. சனத்திரளினூடே அது நடையிலும் மெதுவாகவே ஊர்ந்தது. ஆனால் பட்டை முறியவில்லை.

“அப்ப நாங்கள் உயர்த்தினம். இப்ப நீங்கள் பதிக்கிறியள்” என்று சிரித்தார். அதிற் குற்றச்சாட்டு இருக்கவில்லை.

ஈண்டு சிந்திக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. தன்மீது எப்பாரம் வரும் என ஒரு தலைமுறை எதிர்பார்க்கின்றதோ, அதற்கேற்பவே அது தன் வில்லின் உயரத்தை வைக்கின்றது. மாமாவின் தலைமுறை எந்நேரமும் பாரத்தை எதிர்பார்த்திருந்தது. 2009இன் பின்னர் காப்பெற் இடப்பட்ட வீதிகளில் வண்டி ஓட்டக் கற்ற தலைமுறை, வீதி சமனாகவே இருக்கும், பாரம் இலேசாகவே வரும் என நம்ப விரும்புகின்றது. அந்நம்பிக்கையை அறியாமை என இகழ்வது எளிது. ஆனால், தாழ்ந்த காரொன்றை விரும்பும் அளவுக்கு அச்சமற்று வாழ்வதும் ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமையே. போரின் அளவுகோலாலேயே எல்லாக் காலத்தையும் அளப்பதாயின், போர் முடிந்ததென்பதற்குப் பொருளில்லை.

எனினும் அந்நம்பிக்கை எங்கே தட்டுப்படுகின்றது என்பதை அன்று மாலையே காண முடிந்தது. பின்னிருக்கையின் பின்னாலுள்ள தட்டை அகற்றிப் பின்வில்களையும் மாற்றி முடித்து, காரை நிலத்தில் இறக்கியதும், அம்மம்மா வந்து பார்த்தார்.

“என்ன மோனை, கார் இருந்துபோச்சுது?”

கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அவர் இருக்கையில் இறங்க, நோவுற்ற முழங்கால் முன்னையிலும் சற்றுக் கூடுதலாக மடங்க வேண்டியிருந்தது. முப்பது மில்லிமீற்றர் என்பது கண்ணுக்கு அழகு. அந்த முழங்காலுக்கு அது வேறொன்று. காப்பெற் வீதியில் கார் சாயாது சீராக ஓடியது. வீட்டு ஒழுங்கையின் குழிகளிலோ, ஒவ்வோர் அதிர்வும் அவர் முகத்திலே தெரிந்தது. காரின் அழகைக் காண்பவர் வெளியே நிற்கின்றார். வில்லின் விறைப்பை அறிபவர் உள்ளே இருக்கின்றார்.

மறுநாள், சில்லுகளின் சாய்வையும் திசையையும் அளந்து சரிசெய்வதற்கு அவன் காரை நகருக்குக் கொண்டுசென்றான். வில் மாறினால் அவையும் மாறும். அவன் திரும்பி வருவதற்குள், மாமா பழைய வில்கள் நான்கையும் கழுவி, எண்ணெய் பூசி, இடம் வலம், முன் பின் எனச் சுண்ணக்கட்டியால் எழுதிய சாக்குகளிற் சுற்றிக் கொட்டிலின் வளையிலே கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவற்றை மீளப் பொருத்த ஒரு பகற்பொழுது போதும். எப்படிப் பொருத்துவதென்பது இப்போது அவனுக்கும் தெரியும்.