புக்கு எப்ப வரும்?

2017 டிசம்பரில், எஸ்டேட்டில் பழம் எடுக்கும் சமயத்தில், என் முதல் நாவலை எழுதி முடித்தேன். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். 412 பக்கம். கடைக்காரர் "பிஎச்டியா தம்பி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாவல் என்று சொல்ல ஏனோ வெட்கமாக இருந்தது.

அம்மா காபித் தோட்டத்தில் வேலை செய்தவர். நாவலும் அதுதான். தேயிலைக்கு 'எரியும் பனிக்காடு' இருக்கிறது, நம் சேர்வராயன் மலைக் காபிக்கு ஒன்று வேண்டாமா என்கிற அசட்டுத் துணிச்சல். அந்த நாவலின் கதையே தனி. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் அதை 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதினார். 1969இல் வந்தது. இரா. முருகவேள் மொழிபெயர்த்து அது தமிழுக்கு வந்தது 2007இல். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுடைய மொழிக்கு வந்து சேர 38 வருஷம்.

நான்கு பதிப்பகங்களுக்குக் கூரியர் அனுப்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்துக்குப் போய்த்தான் அனுப்புவேன். மேலே இருந்தே அனுப்பியிருக்கலாம். சேலத்தில் அனுப்பினால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று ஒரு நம்பிக்கை. போய்ச் சேர்ந்ததா என்பதே இரண்டு இடங்களில் கடைசிவரை தெரியவில்லை. ஓரிடத்தில் "படிச்சிட்டு இருக்கோம்" என்றார்கள். அதே பதிலை இரண்டு சென்னைப் புத்தகக் காட்சிகளில் நேரிலும் கேட்டேன்.

அம்மா மாசம் ஒரு தடவை கேட்பார். "புக்கு எப்ப வரும் சாமி?"

ஆர்.கே. நாராயண் தன் முதல் நாவலை எல்லோரும் திருப்பி அனுப்பிய வெறுப்பில், ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்: கல்லைக் கட்டி தேம்ஸில் போட்டுவிடு. நண்பர் போடவில்லை, கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வந்தது. எனக்கு ஆக்ஸ்போர்டில் யாரும் இல்லை. சேலத்தில் ஒருத்தன் இருந்தான், செல்போன் கடை வைத்திருந்தான்.

எழுதுகிற நண்பர்கள் எல்லோரும் எனக்குச் சொன்ன ஆறுதல் ப. சிங்காரம். இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்துத் திரும்பி, மதுரை தினத்தந்தியில் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாழ்ந்த மனிதர். 1950 வாக்கில் எழுதிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு வாங்கிய பிறகு 1959இல்தான் புத்தகமானது. பரிசு வாங்கிய ஆளாச்சே, அடுத்தது சுலபமாக வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? 'புயலிலே ஒரு தோணி'யை 1962இல் எழுதினார். வந்தது 1972இல். இன்றைக்குத் தமிழின் பெரிய நாவல்களைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டு யாரும் பட்டியல் போட முடியாது.

"பாரு, அவரே பத்து வருஷம் காத்திருந்தாரு" என்பார்கள். எனக்கு இதில் ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. 1997இல் இறக்கும்வரை சிங்காரத்தின் மூன்றாவது நாவல் வரவில்லை. தாமதம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்பதை ஒரு தவம் மாதிரிப் பேசும்போதெல்லாம் எழுதப்படாத அந்த மூன்றாவது நாவல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. நானும் அந்த வருஷங்களில் ஒரு வரி புதிதாக எழுதவில்லை. பழையதையே திருத்தினேன், திருத்தியதைத் திருப்பி மாற்றினேன்.

2021இல் ஒரு பதிப்பகம் கூப்பிட்டது. அறுபதாயிரம் கட்டச் சொன்னார்கள், முந்நூறு பிரதி நானே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். போனை வைத்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது, "பி.எஃப். பணம் கெடக்குதே" என்றார். முப்பது வருஷக் கூலியிலிருந்து பிடித்த காசு. வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். நான் இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கடைசியில் ஒரு சிறிய பதிப்பகம் காசு கேட்காமல் எடுத்தது. எடிட்டர் 90 பக்கம் வெட்டச் சொன்னார். முதலில் சண்டை போட்டேன். பிறகு வெட்டிப் பார்த்தால், போனதெல்லாம் மூடுபனி வர்ணனை. அச்சும் இப்போது மாறிவிட்டது, நூறு பிரதி அடித்து, விற்க விற்க மறுபடி அடிக்கலாம். 2023 மார்ச்சில் பார்சல் பஸ்ஸில் ஏறி வந்தது.

அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். தினம் இரண்டு பக்கம், விரல் வைத்து. மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"காப்பிப் பூவு மழை விழுந்தா பூத்து, மூணு நாலு நாள்ல வாடிப்போயிருமே. நீ ஒரு மாசம் பூக்க வெச்சிருக்கியேடா."

ஐந்து வருஷத் திருத்தத்தில் என் கண்ணில் படவில்லை. எடிட்டரும் கவனிக்கவில்லை.

"அடுத்த பதிப்புல மாத்திடறேம்மா."

"அது எப்ப வரும்?"