33 ஆண்டுகளில் எழுந்த ஆலயம்! இடையன்குடியில் கால்டுவெல்லின் விடாமுயற்சி

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், செம்மண் தேரியும் பனைமரங்களும் சூழ்ந்த சிற்றூர் இடையன்குடி. அங்கே கல்லில் கம்பீரமாக நிற்கிறது தூய திரித்துவ ஆலயம். 1847-ல் வேலை தொடங்கியது. பிரதிஷ்டை நடந்தது 1880-ல். இடையில் 33 ஆண்டுகள்!

கட்டியவர், அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல். 1838-ல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றவர், அங்கிருந்து நெடுந்தூரம் நடந்தே 1841-ல் இந்த ஊரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 27.

ஊழியத்துக்காகக் கற்ற தமிழ், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமாக வெளிவந்து புகழ் தந்தது. பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877-ல் பேராயர் பதவி வந்தது. எது வந்தபோதும் தொடங்கிய ஆலயத்தை அவர் பாதியில் விட்டுவிடவில்லை.

கிறிஸ்தவ வாழ்வை, இலக்கை நோக்கிய ஓட்டத்துக்கு ஒப்பிட்டார் பவுல். அந்த ஓட்டத்துக்கு வேகம் முக்கியமில்லை, நிற்காமல் இருப்பதே முக்கியம் என்பதற்கு இந்த ஆலயமே சாட்சி.

1891-ல் கொடைக்கானலில் மறைந்த கால்டுவெல்லின் உடல், இடையன்குடிக்கே கொண்டுவரப்பட்டு இந்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். ஆலயத்தைப் பார்க்கச் செல்பவர்கள் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.